மளிகைக் கடையில் தொடங்கி வங்கி முதலாளி ஆனவர்: ஸ்டீபன் ஜிரார்டும் அவர் எழுதிய உயிலும்

எங்கள் பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடை மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நாற்பது வருடம் ஓகோ என்று நடந்த கடை. முதலாளி ஒரு நாள் விடியற்காலையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். உயில் இல்லை. பேரேட்டில் ஏற்றாத கைமாற்று எவ்வளவு, வெளியூரில் நிற்கும் பாக்கி எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அதுவும் அவரோடு போயிற்று. பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்துக் கொண்டார்கள். குடோனில் இருந்த சரக்கு வண்டு விழுந்து வீணாயிற்று. எனக்கும் அந்தக் கடையிலிருந்து ஒரு தொகை வர வேண்டியிருக்கிறது. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு இளம் வியாபாரி, "உயில் எல்லாம் கோடீஸ்வரர்கள் சமாசாரம் அண்ணாச்சி, நமக்கு எதற்கு?" என்றார். நான் அப்போது பதில் சொல்லவில்லை. கோடீஸ்வரர் ஒருவருடைய உயிலையே எடுத்து இங்கே விரித்துச் சொல்கிறேன். நமக்கு அதில் எடுத்துக் கொள்ள ஏதாவது உண்டா என்பதை வாசகர்களே பார்த்துக் கொள்ளட்டும். அவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த ஸ்டீபன் ஜிரார்டு. 1831-ம் வருடம் அவர் இறந்தபோது அந்த நாட்டிலேயே அவருக்கு மேல் பணக்காரர் இல்லை என்று சொல்லப்பட்டது. வங்கி முதலாளி, தர்மப் பிரபு என்றுதான் சரித்திரத்தில் பெயர். ஆனால் ஆரம்பத்தில் நம்மைப் போல மளிகைக் கடை வைத்திருந்தவர்.

ஜிரார்டு பிறந்தது பிரான்சு நாட்டில், போர்தோ என்ற துறைமுக நகரில், 1750 மே 20-ம் தேதி. தகப்பனார் கப்பல் தலைவர். இவருக்குச் சிறு வயதிலேயே வலது கண் பார்வை போய்விட்டது. பன்னிரண்டு வயது சுமாருக்குத் தாயார் காலமானார். படிப்பு அதிகம் இல்லை. பதினான்கு வயதில் கப்பலில் எடுபிடி வேலைக்குப் போனார். இருபத்து மூன்று வயதில் கப்பல் தலைவருக்கான உரிமம் வாங்கிவிட்டார்.

முதல் சொந்த வியாபாரம் நஷ்டம். 1774-ல் போர்தோ வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்துக் கொண்டு, கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த சான் டொமிங்கோ தீவுக்குப் போனார். இன்று ஹெய்ட்டி என்கிறோமே, அந்த இடம். கொண்டு போன சரக்கு வாங்கின விலைக்குக் கூடப் போகவில்லை. கடனைக் கட்டாமல் ஊர் திரும்பினால் சிறைதான். ஆகவே போர்தோவுக்குத் திரும்பவே இல்லை. நியூயார்க் போய் அங்கே ஒரு வியாபாரியிடம் கப்பல் வேலையில் சேர்ந்தார். கடனைக் கட்டாமல் ஓடிவந்தவர் என்று இவரைத் தள்ளிவிட வேண்டாம். பின்னாளில் வசதி வந்ததும் அந்தப் பழைய பாக்கிகளைத் தீர்த்தார். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கொண்டு, யாரும் வந்து கேட்க முடியாத நிலையில் தீர்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1776-ம் வருடம் அமெரிக்கா இங்கிலாந்தை எதிர்த்துச் சுதந்திரப் போர் நடத்திக் கொண்டிருந்தது. கடலில் ஆங்கிலேயர் கப்பல்கள் காவல் இருந்தன. அவற்றிடம் அகப்படாமல் இருக்க, ஜிரார்டு தம் கப்பலை டெலவேர் ஆற்றுக்குள் திருப்பி, ஜூன் மாதம் பிலடெல்பியாவில் கரை இறங்கினார். கடல் வழி அடைந்து கிடந்ததால், வாட்டர் தெருவில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து மளிகை வியாபாரம் தொடங்கினார். மறு வருடம் மேரி லம் என்ற பெண்ணை மணந்தார். ஆங்கிலப் பட்டாளம் பிலடெல்பியாவைப் பிடித்தபோது பக்கத்து நியூஜெர்சியில் மவுண்ட் ஹோலி என்ற சிற்றூருக்குப் போய், புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடை வைத்தார்கள். பீப்பாயில் வரும் ஒயினைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். பட்டாளம் காலி செய்ததும் திரும்பி வந்து, 1778 அக்டோபரில் அந்த மாநிலத்தின் குடிமகன் ஆனார். அதன் பிறகு கப்பல் வியாபாரம். அண்ணன் தம்பி கூட்டு வியாபாரமும் நடந்தது. 1790-ல் கணக்கு முடித்துப் பிரிந்தார்கள்.

அவர் வியாபாரம் செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கப்பல் கோதுமை ஏற்றிக் கொண்டு போர்தோ போகும். அங்கே விற்ற பணத்தில் ஒயினும் பழமும் வாங்கி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகும். அங்கே அதை விற்றுச் சணலும் இரும்பும் வாங்கி ஆம்ஸ்டர்டாம் போகும். அங்கே விற்று நாணயமாக்கிக் கொண்டு கிழக்கே சீனா போய், காண்டன் துறைமுகத்தில் தேயிலையும் பட்டும் ஏற்றிக் கொண்டு பிலடெல்பியா திரும்பும். ஊர் வந்து சேர ஒன்றரை இரண்டு வருடம் கூட ஆகும். போன் கிடையாது, தந்தி கிடையாது. அதனால் புறப்படும் முன்பே கப்பல் தலைவருக்கும் சரக்கு ஏஜெண்டுக்கும் பக்கம் பக்கமாக உத்தரவு எழுதிக் கொடுப்பார். எந்த ஊரில் எந்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்துக் கொண்டார். அந்தக் கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் இருநூறு வருடம் கழித்தும் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. நம்மில் பலருக்குப் போன வருடத்துச் சிட்டையைக் கேட்டால் கிடைக்காது. கப்பல்களுக்கு அவர் வைத்த பெயர்கள் வால்டேர், ரூஸோ, மான்டெஸ்க்யூ என்று பிரெஞ்சுத் தத்துவ ஞானிகளின் பெயர்கள்.

நல்லதை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது. 1805-க்குப் பிறகு துருக்கி நாட்டு அபினியை வாங்கிச் சீனாவுக்கு அனுப்பி விற்றவர்களில் இவரும் ஒருவர். அந்தச் சரக்கு சீன ஜனங்களை என்ன பாடு படுத்தியது என்பது ஊர் அறிந்தது. வீட்டில் அடிமை வைத்திருந்தார். லூசியானாவில் இருந்த தோட்டத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார். குடும்ப வாழ்க்கையையும் முன்மாதிரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மனைவி மேரிக்கு 1785 வாக்கில் சித்தம் கலங்கிவிட்டது. 1790-ல் பென்சில்வேனியா ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கேயே ஒரு பெண் குழந்தை பிறந்து சில மாதத்தில் இறந்தது. அந்த அம்மாள் 1815-ல் சாகும் வரை இருபத்தைந்து வருடம் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். ஜிரார்டுக்கு வேறு பிள்ளை இல்லை. கூட்டாளியாக இருந்த சகோதரர் இறந்த பின் அவருடைய மூன்று பெண் குழந்தைகளையும் தம் வீட்டில் வைத்து வளர்த்தார்.

இதே மனிதர்தான் 1793-ல் யாரும் செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தார். அந்த வருடம் ஆகஸ்டு மாதம் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. அப்போது அதுதான் நாட்டின் தலைநகரம்; ஜனத்தொகை சுமார் 50,000. பனி விழுந்து நோய் அடங்குவதற்குள் சுமார் 5,000 பேர் மாண்டார்கள். வசதி உள்ளவர்கள் எல்லாம் ஊரைவிட்டு ஓடினார்கள். ஊருக்கு வெளியே புஷ் ஹில் என்ற பங்களாவை எடுத்து நோயாளிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். கவனிக்க ஆள் இல்லை, போனவர்கள் திரும்புவதில்லை. மேயர் கூட்டிய கமிட்டியில் இரண்டு பேர் தாங்களாகவே எழுந்து அந்த ஆஸ்பத்திரியை நடத்துகிறோம் என்றார்கள். ஒருவர் பீட்டர் ஹெல்ம். மற்றவர் ஜிரார்டு. உள்ளே நோயாளிகள் பக்கத்தை ஜிரார்டு ஏற்றுக் கொண்டார். சுமார் இரண்டு மாதம் தினமும் போய், நோயாளிகளைத் தம் கையாலேயே தூக்கினார், துடைத்தார், மருந்து கொடுத்தார்.

அந்த ஊரில் பேர் போன டாக்டர் பெஞ்சமின் ரஷ் ரத்தத்தை வெளியேற்றுவதும் பேதிக்குக் கொடுப்பதும்தான் வைத்தியம் என்று சொல்லிக் கொண்டிருந்தார். ஜிரார்டு அதை ஏற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் இந்தக் காய்ச்சலைப் பார்த்துப் பழகிய தெவேஸ் என்ற பிரெஞ்சு டாக்டரை வைத்து, ஓய்வும் ஆகாரமும் சுத்தமும் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் எதனால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கொசுவால் பரவுகிறது என்று 1900-ல்தான் நிரூபித்தார்கள். நம் ஊரில் டெங்குவைப் பரப்புகிறதே, அதே ஜாதிக் கொசு. கடைக்குப் பின்னால் பழைய டயரிலும் டிரம்மிலும் தண்ணீர் தேங்க விடும் அன்பர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

இனி வங்கிக்கு வருவோம். 1807-க்குப் பிறகு ஐரோப்பிய யுத்தத்தால் கப்பல் வியாபாரத்தில் ஆபத்து கூடியது. ஜிரார்டின் பெருந்தொகை லண்டனில் பேரிங் சகோதரர்கள் கம்பெனியில் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அமெரிக்க அரசாங்க வங்கியின் பங்குகளாக வாங்கிக் கொண்டார். 1811-ல் அந்த வங்கியின் உரிமக் காலம் முடிந்தது. பாராளுமன்றம் புதுப்பிக்க மறுத்துவிட்டது. வங்கி மூடியதும் அதன் கட்டடத்தையே ஜிரார்டு விலைக்கு வாங்கினார். அதன் காஷியரையும் பழைய சிப்பந்திகளையும் வேலைக்கு வைத்துக் கொண்டார். 1812 மே மாதம், 12 லட்சம் டாலர் முதலில், 'ஸ்டீபன் ஜிரார்டு வங்கி' திறந்தது. கூட்டாளி இல்லை, பங்குதாரர் இல்லை, முதல் முழுவதும் ஒரே ஆளுடையது. நகரின் மற்ற வங்கிகள் அவருடைய நோட்டுகளை வாங்க மாட்டோம் என்று ஆரம்பத்தில் முரண்டு பிடித்துப் பார்த்தன. பழைய வங்கியின் வாடிக்கையாளர்கள், அதே கட்டடம், அதே காஷியர் என்று வந்து சேர்ந்தார்கள். கடை கைமாறினாலும் கணக்குப்பிள்ளை மாறாமல் இருந்தால் வாடிக்கை போகாது என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தானே.

வங்கி திறந்த மறு மாதமே அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் மறுபடி யுத்தம். 1813-ல் அரசாங்கத்தின் கஜானா வற்றிவிட்டது. 1 கோடியே 60 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். ஜனங்கள் சுமார் 60 லட்சத்துக்குத்தான் எழுதினார்கள். பாக்கி ஒரு கோடியை மூன்று பேர் எடுத்துக் கொண்டார்கள்: ஜிரார்டு, டேவிட் பாரிஷ், ஜான் ஜேக்கப் ஆஸ்டர். 100 டாலர் பத்திரத்துக்கு அவர்கள் கொடுத்தது 88 டாலர். வட்டி 100-க்கு 6. போட்ட 88-க்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 6.8 சதவீதம் ஆகிறது. முதல் திரும்பும்போது 12 டாலர் மிச்சம். எடுத்ததை முழுக்கப் பெட்டியில் வைத்துக் கொள்ளவில்லை. ஒரு பகுதியைச் சின்னச் சின்னத் தொகையாகப் பிரித்து மற்றவர்களுக்குக் கைமாற்றினார்கள். மொத்தமாக எடுத்துச் சில்லரைக்குத் தள்ளும் நம் தொழில்தான். சொத்து முழுவதையும் நாட்டுக்காகப் பணயம் வைத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டுக்கும் உதவிற்று, அவருக்கும் லாபம் வந்தது. ஆனால் அரசாங்கம் தோற்றிருந்தால் அந்தப் பத்திரம் பொட்டலம் மடிக்கத்தான் ஆகியிருக்கும். அந்தச் சமயத்தில் கையெழுத்துப் போட்டார் என்பதை மறுக்க முடியாது.

அதே வருடம் சீனாவிலிருந்து தேயிலையும் பட்டும் ஏற்றி வந்த அவருடைய 'மான்டெஸ்க்யூ' கப்பலை, யுத்தம் நடப்பதே தெரியாமல் வந்தபோது, டெலவேர் முகத்துவாரத்தில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பெருந்தொகை கொடுத்து மீட்டார். யுத்தத்தால் ஊரில் தேயிலைக்குக் கடும் தட்டுப்பாடு. மீட்புத் தொகை போகவும் நல்ல லாபம் கண்டார். 1816-ல் இரண்டாவது அரசாங்க வங்கி தொடங்கியபோது, விற்காமல் நின்ற சுமார் 30 லட்சம் டாலர் பங்குகளை அவரே எழுதிக் கொண்டார்.

இவ்வளவு இருந்தும் வாட்டர் தெருவில் கப்பல் துறைக்கு எதிரே கிடங்கோடு சேர்ந்த வீட்டில்தான் கடைசி வரை குடியிருந்தார். ஊருக்குத் தெற்கே பண்ணை வைத்திருந்தார். ஒற்றைக் குதிரை வண்டியில் தினமும் அங்கே போய்க் கூலி ஆட்களோடு சேர்ந்து மண்ணைக் கொத்துவார்.

உயிலுக்கு வருகிறேன். 1830 பிப்ரவரி 16-ம் தேதி, எண்பதாவது வயது நடக்கும்போது, உயிலில் கையெழுத்திட்டார். எழுதிக் கொடுத்த வக்கீல் வில்லியம் டுவேன், பின்னால் நாட்டின் நிதி மந்திரியாக இருந்தவர். நிறைவேற்ற ஐந்து பேரை நியமித்தார். உறவினர்களுக்கும் பணியாளர்களுக்கும் பெயர் சொல்லித் தொகை வைத்தார். வீட்டில் அடிமையாக இருந்த ஹன்னா என்ற கறுப்பினப் பெண்மணிக்கு விடுதலையும், ஆயுள் வரை வருடம் 200 டாலரும் எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 50 டாலராக, முன்பணமாகக் கொடுக்க வேண்டும் என்று கூட எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கும்போதே விடுதலை கொடுத்திருக்கலாமே என்று கேட்டால் அவர் பக்கம் பதில் கிடையாது.

தம் கப்பல் தலைவர்களுக்குத் தலைக்கு 1,500 டாலர். ஆனால் குறைந்தது இரண்டு பயணம் முடித்திருக்க வேண்டும். கடலில் இருக்கும் கப்பலைப் பத்திரமாகத் துறைமுகம் கொண்டு வந்து சேர்க்கவும் வேண்டும். முதலாளி செத்த செய்தி கேட்டுக் கப்பலை எங்கேயாவது விட்டுவிட்டுப் போய்விடக் கூடாதல்லவா? மாநில அரசுக்குக் கால்வாய் வேலைக்கு 3 லட்சம் டாலர். அதற்கும் நிபந்தனை: நகரத்தில் ஆற்றங்கரைத் தெருவை அகலப்படுத்த வேண்டிய சட்டங்களை ஒரு வருடத்துக்குள் நிறைவேற்றினால்தான் பணம். சட்டசபை 1832-லேயே சட்டம் போட்டுவிட்டது. சர்க்காரையே இப்படிக் கெடு வைத்து வேலை வாங்கிய வியாபாரியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தெருவுக்கு மட்டும் 5 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார். ஆஸ்பத்திரி, காது கேளாதோர் பள்ளி, அனாதை இல்லம், நொடித்துப் போன கப்பல் தலைவர்களின் குடும்பங்கள் என்று தனித்தனித் தொகைகளும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 10,000 டாலர் விறகு நிதி. அதன் வட்டியிலிருந்து ஒவ்வொரு வருடமும் மார்ச் முதல் ஆகஸ்டுக்குள் விறகு வாங்கி வைத்து, ஜனவரியில் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். கோடையில் விறகு மலிவு; பனிக் காலத்தில் விலை ஏறிவிடும். சீசனில் புளியும் மிளகாயும் வாங்கிக் கட்டி வைக்கிறோமே, அதே புத்தி. தர்மத்துக்கும் கொள்முதல் பார்த்த மனிதர்.

பெரிய தொகை பள்ளிக்கூடத்துக்கு. ஏழை அனாதைப் பையன்கள் தங்கிப் படிக்க 20 லட்சம் டாலர். போதாவிட்டால் மீதிச் சொத்திலிருந்தும் எடுத்துக் கொள்ளலாம். ஆறு வயதுக்கு மேல் பத்து வயதுக்குள் சேர்த்து, பதினான்கு முதல் பதினெட்டு வயதில் ஒரு தொழிலில் பழக விட வேண்டும். கணக்கு, பூகோளம், கப்பல் ஓட்டும் சாஸ்திரம், நில அளவை, ரசாயனம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழி எல்லாம் சொல்லித் தர வேண்டும். கிரேக்கமும் லத்தீனும் வேண்டாம் என்று தடுக்கவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. எந்த மதத்தின் போதகரும் பள்ளியில் பதவி வகிக்கக் கூடாது, பார்வையிடக் கூட உள்ளே வரக் கூடாது. ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள், பெரியவனான பிறகு எந்த மதம் என்று பையனே முடிவு செய்து கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். சுவரின் கனம், அறைகளின் அளவு, மதிலின் உயரம் எல்லாம் எழுதியிருந்தார். நகரசபைதான் டிரஸ்டி. இந்தச் சொத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், மற்ற வரவு செலவோடு கலக்கக் கூடாது, வருடா வருடம் கணக்கைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்பதும் நிபந்தனை.

அனுமதி 'வெள்ளைக்காரப்' பையன்களுக்கு மட்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உயிலில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி, உயில் எழுதிய தேதிக்குப் பிறகு வாங்கிய நிலம் அந்த உயிலில் சேராது, வாரிசுகளுக்குப் போய்விடும். ஜிரார்டு உயில் எழுதி இரண்டே மாதத்தில், 1830 ஏப்ரலில், ஸ்கூல்கில் மாவட்டத்தில் பழைய அரசாங்க வங்கிக்குச் சொந்தமாக இருந்த மலைக் காட்டு நிலங்களை 30,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். அந்த டிசம்பரில் தெருவைக் கடக்கும்போது ஒரு வண்டி மோதி முகத்திலும் காதிலும் பலத்த காயம். படுக்கையில் இருந்தபடியே டிசம்பர் 25-ம் தேதி உயிலுக்கு ஒரு பின்னிணைப்பு எழுதி, இடையில் வாங்கிய நிலங்களையும் உயிலில் சேர்த்தார். 1831 ஜூனில் இன்னொரு பின்னிணைப்பு; பள்ளிக்கு வேறு இடமாக ஊருக்கு வெளியே 45 ஏக்கர் 'பீல் ஹால்' பண்ணையைக் குறித்தார். அதற்குப் பிறகு வாங்கியவற்றுக்கு எழுதவில்லை. 1831 டிசம்பர் 26-ம் தேதி சளிக் காய்ச்சலில் இறந்தார். விட்டுப் போனது சுமார் 70 லட்சம் டாலர். இனிமேல் வாங்கப் போவதும் சேரும் என்று அவர் பொதுவாக எழுதி வைத்திருந்தும், கடைசியாக வாங்கிய நிலங்கள் உயிலில் அடங்காது என்று கோர்ட்டு 1833-ல் தீர்ப்புச் சொல்லி அவை வாரிசுகளுக்குப் போயின.

அந்த மலைக் காட்டின் அடியில் ஆந்த்ரசைட் என்ற உயர்ந்த ரக நிலக்கரி இருந்தது. பென்சில்வேனியாவில் உள்ள நிலத்தை எக்காலத்திலும் விற்கக் கூடாது, குத்தகைக்குத்தான் விட வேண்டும் என்று உயிலில் இருந்ததால் யாரும் விற்க முடியவில்லை. முப்பதாயிரத்துக்கு வாங்கிய நிலம் தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கில் குத்தகை கொடுத்தது. படுக்கையில் கிடந்தபோது போட்ட அந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் பள்ளிக்கு அது கிடைத்திருக்காது.

நம் நாட்டில் 1925-ம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி இந்தத் தொல்லை இல்லை. 'என் சொத்து எல்லாம்' என்று எழுதினால், சாகும் தேதியில் உள்ள சொத்துக்கே அது பொருந்தும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். பதிவு கட்டாயமில்லை, பதிந்து வைத்தால் நல்லது. முஸ்லிம் அன்பர்களுக்கு ஷரியத் முறை வேறு, அவர்கள் விவரம் தெரிந்தவரைக் கேட்டுக் கொள்ளவும்.

பள்ளிக்கூடம் கட்டிய கதை வயிற்றெரிச்சல். வீண் அலங்காரம் கூடாது என்று ஜிரார்டு எழுதியிருந்தார். பொறுப்பில் இருந்த பெரிய மனிதர்களுக்கோ கிரேக்கக் கோயில் போலச் சலவைக்கல்லில் கட்ட ஆசை. தாமஸ் வால்டர் என்ற கட்டடக் கலைஞர் சுற்றிலும் பெரிய பெரிய தூண்களோடு கட்டினார். பின்னால் வாஷிங்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தை அமைத்தவர் அவர்தான். 1833-ல் தொடங்கியது 1847-ல் முடிந்தது. செலவு சுமார் 19 லட்சம் டாலர். 1848 ஜனவரி 1-ம் தேதி முதல் பையன்கள், சுமார் நூறு பேர், உள்ளே வந்தார்கள். முதலாளி செத்துப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. அவர் செத்த வருடம் ஆறு வயதாக இருந்த அனாதைப் பையன் அப்போது மீசை முளைத்த ஆளாகியிருப்பான்.

நடுவில் வாரிசுகள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நகரசபை டிரஸ்டியாக இருக்க முடியாது, பயன் பெறுவோர் யார் என்று தெளிவில்லை, போதகர்களை விலக்குவது கிறிஸ்தவ மதத்துக்கு விரோதம் என்று மூன்று வாதம். வாரிசுகளுக்காக வாதாடியவர் அந்த நாட்டின் பேர் பெற்ற பேச்சாளர் டேனியல் வெப்ஸ்டர். 1844-ல் நீதிபதி ஸ்டோரி எழுதிய ஒருமனதான தீர்ப்பில் உயில் செல்லும் என்றார்கள். போதகர்தான் கூடாதே தவிர, சாதாரண ஆசிரியர் நல்லொழுக்கத்தையும் வேதத்தையும் சொல்லிக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை என்றார் நீதிபதி. உயில் தெளிவாக எழுதப்பட்டிருந்ததால்தான் நின்றது. 1869-ல் இந்த மாதிரி அறக்கட்டளைச் சொத்துகளை நிர்வகிக்கத் தனி போர்டு அமைத்து நகரசபையிடமிருந்து பிரித்தார்கள்.

ஆனால் தெளிவாக எழுதிய அதே உயிலில்தான் 'வெள்ளைக்கார' என்ற வார்த்தையும் தெளிவாக இருந்தது. பள்ளி இருந்த வடக்குப் பிலடெல்பியாவில் காலப்போக்கில் கறுப்பின மக்களே அதிகம் குடியிருந்தார்கள். மதிலுக்கு வெளியே தகப்பன் இல்லாப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில். மதிலுக்குள்ளே அவர்களுக்கு இடம் இல்லை. 1957-ல் உச்ச நீதிமன்றம், போர்டு அரசாங்க அமைப்பு ஆனதால் நிறம் பார்த்து மறுக்கக் கூடாது என்றது. உடனே போர்டை விலக்கித் தனியார் டிரஸ்டிகளை நியமித்து, உயிலின் வாசகத்தைக் காப்பாற்றினார்கள். 1965-ல் வக்கீல் சிசில் மூர் தலைமையில் ஏழு மாதம் அந்த மதிலைச் சுற்றி மறியல் நடந்தது. ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் வந்து அங்கே பேசினார். ஜிரார்டு அளவு சொல்லிக் கட்டச் சொன்ன மதில் அது. கடைசியில் மறுபடி கோர்ட்டு உத்தரவிட்டு, 1968 செப்டம்பரில் முதல் நான்கு கறுப்பினச் சிறுவர்கள் பள்ளிக்குள் போனார்கள். 1984-ல் பெண் குழந்தைகளையும் சேர்த்தார்கள்.

ஜிரார்டின் உடலை முதலில் ஒரு சர்ச் கல்லறையில் புதைத்தார்கள். 1851-ல் அதை எடுத்து வந்து அந்தச் சலவைக்கல் கட்டடத்தின் உள்ளேயே வைத்தார்கள். அவருடைய சிலையும் அங்கே இருக்கிறது. தாயோ தகப்பனோ ஒருவர் மட்டுமே உள்ள ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், எல்லா நிறத்தவரும், இன்று அங்கே கட்டணம் இல்லாமல் தங்கிப் படிக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவும் அந்தச் சொத்தின் வருமானத்திலிருந்துதான் வருகிறது.